ஜாடியில் இடமில்லாதது

காலைச் சாப்பாட்டுக்கு ஊறுகாய் வைக்கக் கணவன் தெய்ஜி எடுத்துக் கொடுத்த கிண்ணத்தை மிசாவோ திரும்ப அலமாரியிலேயே வைத்தாள்.

"அதுல என்ன குறை?"

"தெரியல. இது வேண்டாம்."

"தெரியலன்னு சொல்றதுக்கே மாசாமாசம் சம்பளம் வாங்குற ஆளு நீ ஒருத்திதான்!"

"எல்லாம் தெரிஞ்ச உங்களுக்குத்தான் காலுறை எங்கேன்னு தெரியறதில்ல."

இருவரும் கியோத்தோவில் ஒரே பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார்கள். அவனுக்குத் தர்க்கம், அவளுக்கு அழகியல். காரணம் சொல்ல முடியாதது அறிவே இல்லை என்பான் அவன். அறிவுதான், வாய்க்கு வராத அறிவு என்பாள் அவள். முப்பது வருடச் சண்டை. அன்று காலுறையைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பியவன் சுரங்க ரயில் படிக்கட்டில் விழுந்தான். மருத்துவமனை போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

தகனத்துக்குப் பிறகு ஊழியர்கள் எலும்புகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். தோக்கியோவிலிருந்து வந்திருந்த அவன் தங்கை ஹருயோ, மிசாவோவின் கையிலிருந்த, எலும்பு வைக்கும் ஜாடியைப் பார்த்துத் திகைத்தாள்.

"இவ்வளவு சின்னதா அண்ணி? எங்க பக்கம் சாம்பலைக்கூடக் கூட்டி எடுத்துடுவோம்."

"இங்க கொஞ்சம்தான் எடுப்பாங்க. மிச்சம் இங்கேயே."

"அண்ணனை விட்டுட்டுப் போறதா?" ஹருயோவின் குரல் உடைந்தது. பிறகு அவளே எலும்பு பொறுக்கும் குச்சிகளை எடுத்துக்கொண்டாள்.

வழக்கப்படி இருவரும் ஒவ்வொரு எலும்பையும் ஆளுக்கொரு பக்கம் குச்சியால் பிடித்து, காலிலிருந்து மேலாக ஜாடியில் இட்டார்கள். கடைசியில் ஒரு துண்டுக்குத்தான் இடமிருந்தது. ஹருயோ ஒன்றைத் தொட்டாள். மிசாவோ தலையசைத்து, பக்கத்திலிருந்த வேறொன்றைக் காட்டினாள்.

"இது ஏன் வேண்டாம்?"

மிசாவோ பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெளுப்பு. எது வர வேண்டும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அழுகை வரவில்லை. பனித் தண்ணீரில் வெகுநேரம் கிடந்த கைபோல உடம்பு முழுக்க மரத்திருந்தது.

"தெரியல, ஹருயோ."

"இவ்வளவு படிச்சிருக்கீங்க. ஒரு காரணம்கூடவா இல்ல? அவர் என் அண்ணன், அண்ணி."

பொய்யாக ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே ஒன்றைத் தேடினாள். கிடைக்கவில்லை. காரணம் கேட்பவளிடம் காரணமில்லாமல் எப்படி மறுப்பது? ஹருயோ தொட்ட துண்டையே மறுபக்கம் பிடித்துத் தூக்கினாள். ஜாடி நிறைந்தது. மற்றது தட்டோடு உள்ளே போனது.

டாக்ஸியில் மிசாவோ ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் எப்போதும்போல வண்டிகள் நகராமல் நின்றிருந்தன.