வீட்டில் இரண்டு ஓட்டு

புருஷன் எந்தச் சின்னத்துக்குப் போடுகிறானோ, பெண்டாட்டியும் அதற்குத்தான் போடுவாள் என்பது பேருந்து ஓட்டுநரின் அசைக்க முடியாத நம்பிக்கை. கருத்துக்கணிப்புக்கு வந்த பெண் வாசலில் நின்று கேட்டதும், "எங்க வீட்ல ரெண்டு ஓட்டு. ரெண்டும் எங்க கட்சிக்குத்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். "என் ஓட்டை நான் சொல்லிக்கிறேன். மருந்துக்கடைக்காரருக்கு."

எதிர்க்கட்சி வேட்பாளர் அந்த மருந்துக்கடைக்காரர். ஆள் லட்சணமாக இருப்பார். அதுதான் வினை. பெண்கள் மூஞ்சியைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்பது ஓட்டுநரின் இரண்டாவது நம்பிக்கை. கட்சி தோற்றால்கூடத் தாங்கிக்கொள்வார். பெண்டாட்டி இன்னொருத்தனை மெச்சுவதைத் தாங்க முடியுமா? மறுநாளே மீசைக்கு மை பூசினார். "காலர்ல ஒட்டியிருக்கு" என்றதோடு அவள் போய்விட்டாள்.

"அவன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்ட? பல்லு வரிசையா இருக்கா?"

"ஆமா, எண்ணிப் பாத்தேன்."

பொறுக்க முடியாமல் கடைக்கே போய்விட்டார். தலைவலி மாத்திரை கேட்டார். தலைவலி நிஜமாகவே வந்திருந்தது.

"இந்தாங்கண்ணே. அண்ணிக்கு முழங்கால் வீக்கம் வடிஞ்சுதா?" என்றார் கடைக்காரர்.

ஒரே வீட்டில் இருக்கிற தனக்குத் தெரியாத முழங்கால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது! மாத்திரையை வாங்காமலே வீட்டுக்குப் பாய்ந்தார்.

"ஓசி மாத்திரைக்குத்தான் ஓட்டா?"

அவளுக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. "காசு குடுத்துதான் வாங்குறேன். பஸ் நிறுத்தத்தைப் பழையபடி கீழ கொண்டு வரேன்னு அவர் சொல்லியிருக்காரு. என் ஓட்டு அதுக்கு. பையைத் தூக்கிட்டு தினம் அந்த மேட்டுல ஏறி இறங்குறது நான்தானே?"

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உங்ககிட்டயா? வண்டியைத் திருப்ப வசதியா இருக்கும்னு நிறுத்தத்தை மேட்டுக்கு மாத்த வச்சதே நீங்களும் உங்க கட்சியும்தானே. கால் வலிக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன். 'மத்த பொம்பளைங்க யாரும் ஒண்ணும் சொல்லலியே'ன்னீங்க."

ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொறாமை தணியவில்லை, கூடத்தான் செய்தது. அந்த மூஞ்சியோடு என்றால் போட்டி போட்டுப் பார்க்கலாம். இதற்கு என்ன செய்வது?

"எந்தக் கால்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதையும் அவர்கிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.