சூடம் பட்ட கயிறு

கயிற்றுக்குச் சூடம் காட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியை வேறு யார் தலையிலும் கட்டுகிற உத்தேசம் எனக்கில்லை.

வாசுதேவநல்லூருக்கு மேலே, காட்டுக்குள் சண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு கம்ப்யூட்டரில் வரப்போகிற ஒரு புலிக்குத் தப்பி, கதாநாயகன் பாறையிலிருந்து ஓடைக்குள் இறங்கவேண்டும். அவர் குடைக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக இறங்கியவன் பிரின்ஸ், என்னைப் போல சங்கரன்கோவில்காரன். "நான் இருக்கேன்ம்மா, பயப்படாத" என்று அவன் பெண்டாட்டி ஷீலாவிடம் சொல்லி இந்த வேலைக்குக் கூட்டிவந்தவனே நான்தான். பன்னிரண்டு வருடமாக அவன் இடுப்புக் கயிறு என் கையில்.

தினமும் கயிற்றுக்குச் சூடம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் வேலை. அன்று அவசரம். தட்டைக் கயிற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துவிட்டேன். ஏதோ கருகிய வாசம் வந்தது. சூடத்து வாசம் என்று நினைத்துக்கொண்டு சந்தனத்தை அப்பினேன். நைலான் கயிறு என்கிற புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ!

"ஆக்‌ஷன்!"

பிரின்ஸ் பாறை விளிம்பைத் தாண்டினான். நானும் தங்கசாமியும் இன்னும் இரண்டு பேரும், மரத்தில் கட்டிய கப்பி வழியாகக் கயிற்றை விட்டுக்கொடுத்தோம். பாதி தூரம் இறங்கியிருப்பான். என் உள்ளங்கையில் கட்டியாக ஏதோ இடறியது. சந்தனத்துக்கு அடியில் நைலான் உருகிக் கருத்திருந்தது. அந்த இடம் எங்கள் கையைத் தாண்டினால் பிரின்ஸின் பாரம் முழுக்க அதன்மேல்தான். அவனுக்குக் கீழே முப்பது அடியில் கல்.

"ஏலே தங்கசாமி, விடாதல! பிடி!"

"யாருய்யா நிறுத்தினது? விடு, விடு!" மைக்கில் டைரக்டர் கத்தினார்.

டைரக்டர் சொல்லைத் தட்டிப் பழகாத தங்கசாமி ஒரு சாண் விட்டுவிட்டான். கட்டி என் கையை விட்டு நழுவியது. இழைகள் படபடவென்று பிரிந்தன. பாய்ந்து கட்டிக்கும் கப்பிக்கும் நடுவே பிடித்து, முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். தோல் உரிந்தது.

"என்ன அண்ணாச்சி, விளையாடுதீங்களா?" கீழேயிருந்து பிரின்ஸ் சிரித்தான். "விடுங்க, கை வலிக்கி!"

"இழுங்கல!"

எங்கள் ஊர் அம்மனை, கோமதியம்மா என்று வாய்விட்டுக் கதறிக்கொண்டே இழுத்தேன். அவன் விரல்கள் விளிம்பைப் பற்றி, மேலே ஏறி வந்த பிறகுதான் முழங்கையிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன்.

மேனேஜர் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். "கயித்துக் கடைக்காரன் ஏமாத்திட்டான். நல்லவேளை, அண்ணன் காப்பாத்தினாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான்தான் அன்றைக்குத் தெய்வம். பிரின்ஸ் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான். என்னால் மறைக்க முடியவில்லை.

"நான் காட்டின சூடம் சுட்டுட்டு, மக்கா. வாசம் வந்துச்சு. பாக்காம விட்டுட்டேன்."

அவன் கை அப்படியே நின்றது. கயிற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புதுக் கயிறு வந்ததும் அதை வாங்கித் தங்கசாமியிடம் கொடுத்தான்.

"நீங்க கீழ போயி நில்லுங்க, அண்ணாச்சி."

ஓடைக்குள் இறங்கிப் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவன் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறான் என்பது பன்னிரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.