உடம்பு எப்படி இருக்கிறது, சகோதரி பெர்சிஸ்

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிகின்றன, அதற்குக் கீழே அம்மாவின் முகம் தலைகீழாக இருக்கிறது, வாய் அசைகிறது, குரல் இன்னும் வந்து சேரவில்லை, உள்ளங்கைக்குள் ஏதோ சில்லென்று அழுத்துகிறது, அது வீட்டுச் சாவிக்கொத்து என்று பெர்சிஸுக்குப் பிறகுதான் தெரியவந்தது, ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் எப்படித் தரைக்கு வந்தாள் என்பது இன்றுவரை தெரியாது. நாக்கு கடிபட்டு உப்புக் கரித்தது, பாவாடை நனைந்திருந்தது, அம்மா எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்துதான் அவளைத் தூக்கினாள், யாருகிட்டயும் சொல்லாத சாமி, வெயில்ல மயக்கம்னு சொல்லிக்கலாம் என்றாள். அப்படியே சொல்லிக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்தில், தெருவில், பெரியப்பா வீட்டில்கூட. நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஓமம் என்று பேப்பர் ஒட்டிய டப்பாவுக்குள் போயின. அம்மா சுகிர்தம் முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள், போத்தனூர் ரயில்வே காலனியில் பாதிப்பேர் காலையும் மாலையும் தூக்குவாளியோடு அவள் வாசலில் நிற்பவர்கள், வலிப்பு என்ற சொல் ஒரு வாளிக்குள் விழுந்தால் இருட்டுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும் என்று அவளுக்குப் பயம், பெண்பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டாமா.

அந்த வாசலுக்குத்தான் ஒருநாள் வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு பையன்கள் வந்தார்கள், மோர்மன் சபையின் மிஷனரிகள், சட்டைப் பையில் கறுப்பு வில்லையில் பெயர், ஒருவன் ராஜமுந்திரிக்காரன், அவனுடைய தமிழில் எல்லோரும் ஆண்கள், அம்மா வந்தான், மாவு புளிச்சான், பெர்சிஸ் உள்ளறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அப்பா இஸ்ரவேல் அவர்களை அனுப்பிவிடத்தான் எழுந்தார், லேத் பட்டறையில் நாளெல்லாம் டீயில் ஓடுகிற மனிதர், சாராயம், பீடி, டீ, காப்பி எதுவும் ஆகாது என்று அவர்கள் சொன்னதும் வம்புக்கென்றே மறுபடி உட்கார்ந்தார், சாராயமும் பீடியும் சரி தம்பி, டீ என்ன பாவம் பண்ணுச்சு என்று கேட்டார். அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஏனுங் தம்பி, சுக்குக் காப்பி காப்பியில சேருமா என்றாள், ராஜமுந்திரிக்காரன் கூட வந்தவனைப் பார்த்தான், கூட வந்தவன் ஜன்னலைப் பார்த்தான், யாரையோ போனில் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்து, காப்பித்தூள் போடவில்லையென்றால் குடிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அப்பா தலைவலியோடு டீயை விட்டார், பீடியை விட்டார், கூடவே கை ஓங்குகிற கோபமும் கொஞ்சம் இறங்கியது, அதற்காகவே அம்மா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள் என்று பெர்சிஸ் நினைப்பதுண்டு.

பிறகு பெண் மிஷனரிகள் வந்தார்கள், ஒருத்தி நாகாலாந்து, ஒருத்தி பெங்களூர், முழங்கால் தாண்டிய பாவாடையும் தோளில் பையுமாக உச்சி வெயிலில் நடந்து வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள், அவர்கள் வீட்டுக்குள் வந்தபோது வெளியூர்க் காற்றும் கூட வந்த மாதிரி இருந்தது. முதல் வலிப்புக்குப் பிறகு பெர்சிஸ் தனியாகப் பேருந்து ஏறியதில்லை, குளியலறைக் கதவைத் தாழ் போட்டதில்லை, கல்லூரிச் சுற்றுலாவில் எல்லோரும் ஊட்டிக்குப் போனபோது அவள் அம்மாவோடு உளுந்து களைந்துகொண்டிருந்தாள், அதனால் அவர்களைப்போல ஒன்றரை வருடம் வேறோர் ஊரில், தன்னை யாரென்றே தெரியாத தெருவில், ஒரு தோழியோடு நடப்பது என்பதை நினைக்கும்போது கடவுளும் தெருவும் ஒன்றாகக் கலந்துவிடும், எதற்காகப் போக ஆசைப்படுகிறாள் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது, சில சமயம் கனவில் அந்தத் தெரு வருகிறது, எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருக்கிறது. மிஷன் போகிற வயது ஆனதும், தானும் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள், அவர் சரி என்றார், அம்மா அரிசியை அளந்துகொண்டே, போ, ஆனா அங்க எதையும் உளறி வெக்காத என்றாள்.

ஆசைப்பட்டவர்களெல்லாம் மிஷன் போய்விட முடியாது, முதலில் உள்ளூர்ச் சபையின் கிளைத் தலைவர் உட்கார வைத்துக் கேட்பார். அந்தத் தலைவர் குணசீலன், டவுன்ஹால் பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், இந்தச் சபையில் சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது, வாரமெல்லாம் மூக்குக்குக் கண்ணாடி பொருத்துகிற அந்தக் கைகளை ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொன்றாகக் கேட்கிறார், இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கிறீங்களா, ஆமாங்க, கற்பு நெறியில இருக்கீங்களா, ஆமாங்க, டீ, காப்பி, போதை எதுவும் இல்லைதானே, இல்லைங்க, சொல்லிலயும் செயல்லயும் நேர்மையா இருக்கீங்களா, ஆமாங்க. எல்லாவற்றையும் சட்சட்டென்று சொல்லிவிட்டாள், உண்மையாகத்தான் சொன்னாள், பிறகு அவர், உடம்பு எப்படி இருக்கு சகோதரி பெர்சிஸ், பெரிய வியாதி ஏதாச்சும், தினமும் எடுக்கிற மாத்திரை ஏதாச்சும் என்று கேட்டார். அம்மா காலையில் தலைபின்னிவிடும்போது சொல்லித்தந்த பதில் நாக்கின் நுனியில் இருந்தது, ஒண்ணுமில்லைங்க, அவ்வளவுதான், சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம், வாசலில் அம்மா செருப்பைப் போட்டபடி நிற்கிறாள். ஆனால் அந்த வருடப் பொங்கலுக்கு முன்புதான் குளியலறையில் விழுந்து புருவம் கிழிந்திருந்தது, தையல் தழும்பு அங்கேயே நெற்றியில் இருக்கிறது, அவர் பார்வை அதன்மேல் பட்டதா இல்லையா தெரியவில்லை. அண்ணா, முன்னாடி ஒரு கேள்வி கேட்டீங்களே, நேர்மையான்னு, அதுக்கு ஆமான்னு சொல்லிட்டேன், அதைக் கொஞ்சம் நிறுத்தி வெச்சுக்குங்க என்றாள். பிறகு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், அப்படியொன்றும் இல்லை, குணசீலன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், நான் டாக்டர் இல்லைங்க சகோதரி, முடிவு என் கையில இல்லை, ஆனா இதைச் சொன்னது நல்லது என்றார்.

என்ன கேட்டார் என்றாள் அம்மா வாசலில். சொல்லிட்டேம்மா என்றாள் பெர்சிஸ். ஆட்டோவில் அம்மா ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள், வீட்டுக்கு வந்து கிரைண்டரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள், இத்தனை வருசம் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன், ஒரு நிமிசத்துல அவுத்துக் கொட்டிட்டு வந்துட்டியே, இனி எவன் வருவான் உன்னைக் கட்ட. அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார், பொய் சொல்லிட்டுப் போயிருந்தா உனக்கு இங்க தூக்கம் வருமா சுகிர்தம், முன்பின் தெரியாத ஊருல கிடந்தா யாரு பார்ப்பா என்றார், அம்மா அதற்கப்புறம் பல ஞாயிற்றுக்கிழமைகள் தலைவலி என்று சொல்லி சபைக்கு வராமல் இருந்தாள். டாக்டர் பரிசோதித்தார், சபையின் மேலிடத்துக்கு எழுதினார்கள், அங்கிருந்து பதில் வந்தது, வெளியூர் மிஷன் வேண்டாம், உள்ளூரிலேயே ஏதாவது தொண்டு நிலையத்தில் சேவை மிஷன் செய்யலாம், அதே கறுப்பு வில்லை, அதே சகோதரி பட்டம், இரவு மட்டும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். உடன் ஞானஸ்நானம் எடுத்த ஹெப்சிபாவுக்கு ஹைதராபாத் மிஷன் வந்திருந்தது, ரயிலடியில் அவள் பெட்டியைத் தூக்கி மேல் பலகையில் வைத்ததே பெர்சிஸ்தான், வண்டி நகரும்போது கை காட்டினாள், பிறகு அங்கிருந்தே நேராகக் குணசீலனின் கண்ணாடிக் கடைக்குப் போனாள், முதன்முறையாகத் தனியாகப் பேருந்து ஏறி.

கடையில் அவரைத் தவிர யாரும் இல்லை, சுவர் முழுக்க வெற்றுக் கண்ணாடிகள் அவளையே பார்க்கின்றன. மறைச்சிருந்தா இந்நேரம் நானும் அந்த வண்டியில இருந்திருப்பேனுங்கண்ணா, உண்மை சொன்னதுக்கு இதுதானா என்று கேட்டாள். குணசீலன் சமாதானம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார், ஆமாங்க, இருந்திருப்பீங்க என்றார். உங்ககூட ஒரு பொண்ணு இருக்கும், அதுக்கும் உங்க வயசுதான், மொட்டை மாடியில துணி காயப் போடும்போது உங்களுக்கு வந்துட்டா அது என்ன பண்ணும், அதுக்கும் ஒரு அம்மா இருக்காங்கல்ல, அதை நினைச்சுத்தான் இந்த விதியெல்லாம், உங்க மனசைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லைங்க, உடம்பைப் பத்தி மட்டும்தான். அப்ப தேவனுக்கு என் உடம்பு வேண்டாமா என்றாள். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார், திரும்பத் துடைத்தார், அதுக்குப் பதில் எனக்குத் தெரியலைங்க சகோதரி, தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு இஷ்டமில்லை என்றார். அந்தப் பதிலால்தான் சேவை மிஷனுக்குச் சம்மதித்தாள் என்று பின்னால் தோன்றியது, அப்போது தோன்றவில்லை, அப்போது கோபம்தான் இருந்தது.

அவளை அனுப்பியது சுந்தராபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற செயற்கைக்கால் மையத்துக்கு, விபத்திலும் சர்க்கரையிலும் கால் போனவர்கள் அளவு கொடுக்கவும் பொருத்திப் பார்க்கவும் வருகிறார்கள், பெஞ்சு போதாது, பாதிப்பேர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், பெர்சிஸ் டோக்கன் கொடுக்கிறாள், கைபிடித்து நடத்துகிறாள், பத்தரைக்கு எல்லோருக்கும் டீ போடுகிறாள், தான் குடிக்காத டீயை ருசி பார்க்க முடியாது, அதனால் ஒருநாள் பாயசமாக இருக்கிறது, ஒருநாள் கஷாயமாக இருக்கிறது. வெள்ளியங்கிரி என்று ஒரு லாரி டிரைவர், ஒட்டன்சத்திரம் பக்கம் வண்டி கவிழ்ந்து இரண்டு காலும் முட்டிக்குக் கீழே இல்லை, அவர் அவள் வில்லையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, சகோதரின்னு போட்டிருக்குதே, யாருக்கு அம்மிணி என்றார், எல்லாத்துக்கும்தானுங்க என்றாள், அப்ப இந்த அண்ணனுக்குச் சக்கரை கொஞ்சம் குறைச்சுப் போடு, ஏற்கெனவே ரெண்டு காலு போச்சு என்றார். விபத்துலதானுங்களே போச்சு என்று இவள் கேட்க, வாயை மூடு அம்மிணி, மத்தவங்க பாவம் பார்க்கட்டும் என்றார். அவளுக்கு முதல் தடவையாக அங்கே போவது பிடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள், நடுவிலே ஒரு துண்டு நேரம் இல்லை, பிறகு தரையின் குளிர்ச்சி, நாக்கில் உப்பு, முகங்கள். எப்போதும் முகங்கள் மேலேயிருந்து குனிந்து பார்க்கும், இந்த முறை பக்கவாட்டில் இருக்கின்றன, அவள் உயரத்திலேயே, தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கையை ஊன்றி நகர்ந்து வந்து அவளைச் சுற்றி இருக்கிறார்கள், தலைக்கடியில் மடித்த துண்டு, அது வெள்ளியங்கிரியுடையது, ஈரமான பாவாடைமேல் யாரோ போர்வை போட்டிருக்கிறார்கள். எழுந்திருக்கப் பார்த்தாள், அவர் தோளில் கைவைத்தார், படு கண்ணு, என்ன அவசரம், இங்க யாரும் ஓடிப்போற ஆளா என்றார். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும், அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, கண்ணாடிக் கடையில் கேட்ட கேள்வி அந்த வெதுவெதுப்போடு கரைந்துபோவது மாதிரி இருந்தது, தூக்கம் வந்தது.

யாரோ போன் போட்டதில் அம்மா ஆட்டோவில் வந்து இறங்குவது காதில் விழுகிறது, வேகமான செருப்புச் சத்தம் வாசலில் சட்டென்று நிற்கிறது, ஏனென்று பெர்சிஸுக்குத் தெரியும், புருஷனுக்குக் கால் பொருத்த அன்று வந்திருந்த கலாமணி பெஞ்சில் இருக்கிறாள், அதே தெரு, தினமும் மாவு வாங்குகிறவள், அவள்தான் முதலில் எழுந்தாள், ஏங்க்கா, பாப்பாவுக்கு என்னாச்சுங்க, வெயிலு மயக்கமுங்களா என்று கேட்டாள். பதிலையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள், ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பெர்சிஸ் கண்ணை மூடியபடி அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறாள். அம்மா வந்து தரையில் உட்கார்ந்தாள், மாவு வாசனையடித்த கை நெற்றியில் பட்டது. இல்லை கலா, வலிப்பு என்றாள். ஒன்பதாவது படிக்கும்போது வந்துச்சு, மாத்திரை சாப்பிடறா, அப்பப்ப இப்படி வந்துரும் என்று சத்தமாகவே சொன்னாள். கலாமணி என்ன முகம் காட்டினாள் என்று பெர்சிஸ் பார்க்கவில்லை. அம்மா சுற்றி இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள், நாளைக்கு ஓய்வெடுக்கட்டும், நாளன்னைக்கு அனுப்பிவெக்கறேனுங்க, மறுக்கா வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் இருங்க, அது தானா நின்னுரும் என்றாள். சரிங்க்கா என்றார் வெள்ளியங்கிரி, பின்னால் ஒருவர் தனக்குக் கேட்கவில்லை, இன்னொருதரம் சொல்லச் சொல்லுங்க என்றார், அம்மா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.