சோபனாவின் முறை

"இன்னிக்கு ஒருநாள் பள்ளிக்கூடம் போவாத பாப்பா," என்றாள் கருப்பி. மகளின் சடையை அவள் இறுக்கிப் பின்னிய வேகத்தில் சோபனாவுக்குத் தலை வலித்தது.

"ஏம்மா?"

"மேலருந்து அதிகாரி வர்றாங்களாம். ஒவ்வொரு புள்ளையும் எந்திரிச்சிப் பேசணுமாம். நீ நம்ம மலைப் பேச்சப் பேசிப்புட்டா வகுப்புக்கே அசிங்கமாம். மாதவராஜ் சார் சொல்லிட்டாரு."

வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து அதே பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறவள் கருப்பி. வகுப்பாசிரியர் சொன்னால் அவளிடம் மறுபேச்சு கிடையாது. எட்டாம் வகுப்பில் தினமும் ஒருவர் ஒரு நிமிடம் பேச வேண்டும். வரிசைப்படி எல்லாருக்கும் முறை வரும். சோபனாவின் முறை வந்த மூன்று தடவையும் கரும்பலகையை அழிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார் மாதவராஜ்.

சோபனா சடையை விடுவித்துக்கொண்டு, தானே ரிப்பனைக் கட்டிப் பையோடு கிளம்பிவிட்டாள்.

அவளைக் கண்டதும் ஆசிரியரின் முகம் சுண்டியது. அதிகாரி அம்மா வந்து உட்கார்ந்த கையோடு, டீ வாங்கி வர அவளை அனுப்பினார் மாதவராஜ். அவள் டம்ளர் தட்டுடன் திரும்பியபோது மற்ற பிள்ளைகள் எல்லாரும் பேசி முடித்திருந்தார்கள்.

"யாராச்சும் பேசாம இருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாரும் பேசியாச்சுங்க மேடம்," என்றார் மாதவராஜ்.

"நான் பேசலைங்க."

சோபனா டம்ளர் தட்டை மேசைமேல் வைத்தாள். "ஜூன் மாசத்துலருந்து எனக்கு ஒருதடவகூட வாய்ப்பு தரலைங்க. எம் பேச்சு அசிங்கமாம். இன்னிக்கு வரவே வேணாம்னு..."

அதிகாரி கைதட்டினார். அவரைப் பார்த்து வகுப்பே தட்டியது.

"மலைப் புள்ளகூட என்ன தைரியமா பேசுது! நல்லா பழக்கியிருக்கீங்க சார்."

அனைவருக்கும் சம வாய்ப்பு வழங்கப்படுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பள்ளி வாசலிலேயே கருப்பியைத் தடுத்துவிட்டார் வாட்ச்மேன். "இனிமே வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க." கருப்பி, பிள்ளைகள் பார்க்க, மகளின் முதுகில் ஓங்கி அறைந்தாள். "பேசிட்டியாடி? போதுமா?"

முதல் பீரியடில் மாதவராஜ் சிரித்தபடி கூப்பிட்டார். "எந்திரி சோபனா. உனக்கும் சம வாய்ப்பு. ஒரு நிமிஷம் பேசு." பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "நீங்கல்லாம் பின்பக்கம் திரும்பிக் காதப் பொத்திக்குங்க."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. தினமும் அவளோடு சோறு பங்கிட்டுத் தின்னும் ஏஞ்சலின்தான் முதலில் திரும்பினாள்.

முதுகு இன்னும் எரிந்தது. சோபனா எழுந்து நின்றாள்.

"எங்கம்மா பேரு கருப்பி. நேத்து வரைக்கும் நீங்க உக்காந்திருக்கற எடத்த அவங்கதான் பெருக்குனாங்க..."

"நேரமாச்சு. உக்காரு," என்றார் ஆசிரியர்.

அவள் உட்காரவில்லை. அந்த முதுகுகளைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.