எழுபதைத் தாண்டாமல்

"விடு, ஆர்லிஸ். இன்னிக்காவது விடு," என்று கார்லா கண்ணாடித் தட்டின் ஒரு காதைப் பிடித்து இழுத்தாள். மறு காது ஆர்லிஸின் சோப்புக் கையில் இருந்தது. ஓரமெல்லாம் சீஸும் உருளைக்கிழங்கும் கருகி ஒட்டிய தட்டு. ஆர்லிஸ் விடவில்லை. புருஷனைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவளோடு எச்சில் பாத்திரத்துக்கு மல்லுக்கட்டுவது நன்றாகவா இருக்கும்? கார்லாதான் விட்டாள்.

"எல்லாரும் உன்னைத்தான் தேடுறாங்க."

"தேடிப் பார்த்துட்டாங்க, கட்டிப் பிடிச்சுட்டாங்க. இதுக்கு மேல என்ன இருக்கு?"

கார்லா பெருமூச்சு விட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடமும் அடுக்களையும் ஒட்டி ஒட்டி இருந்தன. ஆர்லிஸுக்குக் கூடத்தில் நிற்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "நீ செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சே, ஆர்லிஸ்." திங்கட்கிழமையிலிருந்து இன்று சனிக்கிழமை வரை எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பரிமாறும் ஜன்னல் வழியாகப் பேச்சு உள்ளே வந்துகொண்டிருந்தது. சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் சாவு வீட்டுப் பேச்சு செத்தவரை விட்டு நகர்ந்துவிடும். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

"செவ்வாய்க்கிழமை ராய்ஸ் ஹெலினாவுக்கு, தலைநகருக்கே போறார்," என்றாள் கார்லா யாரிடமோ. அவள் கணவன் ராய்ஸ், ஆர்லிஸின் செத்துப்போன புருஷன் மெர்லுக்கு ஒரே தம்பி. ஷெரிஃப் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக ரோந்து வேலை. "சட்டசபைக் குழு முன்னாடி பேசப் போறார். இப்போ ரத்தத்துல கஞ்சா அஞ்சு நானோகிராம் வரைக்கும் இருந்தா விட்டுடறாங்க இல்லே? அது கூடாது. கஞ்சா ஒரு துளி இருந்தாலும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது."

"போம்மா, நீயும் உன் துளியும்," என்றார் பக்கத்துப் பண்ணை ஹார்லன். எண்பது வயதாகியும் நாக்கு மட்டும் தேயாத மனிதர். "குடிச்சவன் என் வேலியை மூணு தடவை உடைச்சிருக்கான். கஞ்சா அடிச்சவன் ஒருத்தன்தான் வந்தான். வண்டியை ஒழுங்கா ஓரம் கட்டிட்டு என் மாட்டுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தான்."

சிரிப்பு கிளம்பி, எங்கே இருக்கிறோம் என்ற நினைப்பு வந்து பாதியில் அடங்கியது.

"பள்ளிக்கூட பஸ்லேருந்து எறங்கின பொண்ணு மேல வண்டியை ஏத்தினவன் மன்னிப்பா கேட்டான்?" என்றாள் கார்லா.

 அந்த விபத்து போன அக்டோபரில் நடந்தது. நீதிபதியிடம் அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அந்த ஓட்டுநரின் கையில் ஊசி குத்துவதற்குள் மூன்றரை மணி நேரம் ஓடி, ரத்தத்தில் கஞ்சா இறங்கிவிட்டது. வந்த எண் நான்கு. ஐந்துக்குக் கீழே. அவன் வீட்டுக்குப் போனான். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தவன் ராய்ஸ். அதிலிருந்து அவன் வேறு மனிதனாகிவிட்டான்.

கூடத்தின் கடைசி மேஜையில் டோரீன் தனியாக உட்கார்ந்து கேக்கைக் கிளறிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புற்றுநோய் வலிக்கு இரவில் கஞ்சா எண்ணெய் நாலு சொட்டு விட்டுக்கொள்வாள். பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு நாள் பட்டப்பகலில் ராய்ஸ் அவளை நிறுத்தினான். தள்ளாட்டமில்லை, உளறலில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஆறு. உரிமம் போயிற்று, வாரப் பத்திரிகையில் பெயர் வந்தது. அந்தப் பத்திரிகையை இருநூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டிகளில் போட்டது ஆர்லிஸ்தான். டோரீன் வீட்டுப் பெட்டியிலும் போட்டாள். அந்தத் தடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தபால் வண்டி ஓட்டுகிறவள் அவள். உரிமம் இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஆர்லிஸுக்கும் ஒரு வலி இருந்தது. வண்டி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டி வலது தோள் போய்விட்டது. இரவில் புரண்டு படுக்க முடியாது. கடையில் கஞ்சா மிட்டாய் விற்கிறார்கள், வாங்குவதில் குற்றமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் ஒன்பது மணிக்கு வழக்கம்போல ஒன்று சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்து காபி போட்டபோது தலை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

ஏழு மணிக்கு மெர்ல் ஒரு காலில் பூட்ஸை மாட்டி, மற்றதைக் கையில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னமோ நெஞ்சை அடைக்குது," என்றான். முகம் சாம்பலாக இருந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"எதுக்கு? அவனுங்க மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு, கை கழுவிட்டு வர்றதுக்குள்ள நாம பாதி தூரம் போயிடலாம்."

அந்தப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களும் சம்பளமில்லாத பண்ணைக்காரர்கள்தான்; அவசரமென்றால் எல்லோரும் தாங்களே கிளம்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தாறு மைல். பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவள் மடியில் கனம் இருந்ததா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. ரத்தத்துக்குள் இருப்பதை யார் எட்டிப் பார்த்தார்கள்? கிறிஸ்துமஸ் விருந்தில் ராய்ஸ் சொன்னது காதுக்குள் நின்றது. "தலை தெளிவா இருக்கான்னு சட்டம் கேக்காது. ரத்தத்துல எத்தனைன்னுதான் கேக்கும். எங்க ஆர்லிஸா இருந்தாலும் உள்ளேதான்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். விஷயம் தெரிந்தவன் மெர்ல் ஒருவன்தான். அவன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தான்.

அதனால் போலீஸ் நிறுத்திவிடாதபடி வேகமுள்ளை எழுபதில் வைத்தாள். பலகையில் எழுதியிருந்த வேகம் எழுபது. நடுவில் வந்த ஊரில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது; முப்பத்தைந்துக்கு இறக்கினாள். ஈ காக்கை இல்லாத நாற்சந்தியில் முழுசாக நிறுத்தி, இடமும் வலமும் பார்த்து எடுத்தாள்.

"கொஞ்சம் அழுத்தும்மா," என்றான் மெர்ல்.

"அழுத்தறேன்."

முள் எழுபதிலேயே நின்றது.

தானியக் கிடங்கு தாண்டிய வளைவில் ராய்ஸின் ரோந்து வண்டி நின்றுகொண்டிருந்தது. மெர்ல் தலையைத் தூக்கினான்.

"ராய்ஸ் நிக்கிறான். நிறுத்து."

"நிறுத்தினா நேரமாகும்."

இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கண் நேரே சாலையில். ராய்ஸ் வழக்கம்போல இரண்டு விரலைத் தூக்கினான். அவளும் இரண்டு விரலைத் தூக்கினாள். மெர்ல் திரும்பி அவளை ஒரு முறை பார்த்தான். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"சரி, போ," என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் பதினோரு மைல் இருக்கும்போது உயிர் போயிற்று. எங்கே எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் படிக்காத ஒரு இளம் டாக்டர், "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

இப்போது அடுக்களையில் யாரோ துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள். ராய்ஸ். அண்ணனின் இறுதிச் சடங்குக்கென்று வாங்கிய கறுப்பு கோட்டு அவனுக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது. ஐந்து நாளில் கண் குழிக்குள் போயிருந்தது.

"கார்லா அனுப்பினாளா?"

"நானாத்தான் வந்தேன்."

அவள் கழுவினாள், அவன் துடைத்தான். நாலு தட்டு போனது.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு ஏன் நிறுத்தலே?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"ஹாரன் அடிச்சிருக்கலாம். விளக்கைப் போட்டிருக்கலாம். என் வண்டியில நெஞ்சுக்கு ஷாக் குடுக்கிற பெட்டி இருக்கு. இருபதடி. இருபதடி தூரத்துல உக்காந்திருந்தேன்." ராய்ஸின் குரல் உடைந்தது. "நீ ஏன் நிறுத்தலேன்னு கேக்கறேன், அதுவே தப்பு. நீ பாவம், பதற்றத்துல இருந்திருப்பே. நான்தான் பார்த்திருக்கணும். எங்கண்ணன் சாகறான், நான் கையைக் காட்டிட்டு காபி குடிக்கறேன். எழுபதுல ஒழுங்காப் போற வண்டிக்குள்ள எவன் எட்டிப் பார்ப்பான்?"

"ராய்ஸ்..."

"செவ்வாய்க்கிழமை போகப் போறதில்லே. கண்ணெதிர்ல போறதே தெரியாதவன் அங்க போய் என்னத்தைக் கிழிக்கறது? வேலையையும் எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். கார்லாகிட்ட இன்னும் சொல்லலே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அவன் சுமப்பான், ஆயுசுக்கும் சுமப்பான். ஊர் அவளை நல்லவள் என்று கட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கும். தபால் வண்டியும் இருக்கும். ஆர்லிஸ் அதை நினைத்துப் பார்த்தாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். குழாயை மூடினாள்.

"பதற்றத்துல இல்லே நான். உன்னைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். நிறுத்துன்னு சொன்னான்."

ராய்ஸின் கைத்துணி நின்றது.

"முந்தின ராத்திரி மிட்டாய் ஒண்ணு சாப்பிட்டிருந்தேன். கஞ்சா மிட்டாய். தோள் வலிக்கு. ஒரு வருஷமா தினம் சாப்பிடறேன்."

 பத்தொன்பது வருஷப் பழக்கம்தான் பேசியிருக்க வேண்டும், "எத்தனை மணிக்கு?" என்றான்.

"ஒன்பது."

"எத்தனை மில்லிகிராம்?"

"அஞ்சு."

அவன் உதடு கணக்குப் போட்டது. பத்து மணி நேரம். ஒரு வருஷமாக, தினமும். போட்ட கணக்கு எங்கேயும் போய்ச் சேரவில்லை.

"எத்தனை இருந்திருக்கும்?" என்று அவள் கேட்டாள். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து மெல்லக் கேட்டாள்.

"தெரியலே. ஒண்ணும் இல்லாம இருந்திருக்கலாம். ஆறும் இருந்திருக்கலாம்."

"வேகமா வந்திருந்தா நிறுத்தியிருப்பே."

"நிறுத்தியிருப்பேன்."

"தூங்கி எழுந்த கண்ணு. சிவந்துதான் இருந்திருக்கும். கேட்டிருப்பியா?"

ராய்ஸுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது என்று மெர்ல் சொல்லிச் சிரிப்பான். அவன் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"முதல்ல அவனைப் பார்த்திருப்பேன். அந்தப் பெட்டியை எடுத்திருப்பேன். ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருப்பேன்," என்றான். "அப்புறம் கேட்டிருப்பேன்."

"அந்த அப்புறத்துக்குத்தான் பயந்தேன்," என்றாள் ஆர்லிஸ். "என்னால மெர்ல் செத்தான்."

அவன் அந்தத் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தான்.  வெளியே நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கார்லா ஜன்னலில் தலையை நீட்டினாள். "டோரீனை நான் வீட்டுல விட்டுடறேன். ஆர்லிஸை யார் கூட்டிட்டுப் போறது? இந்த நிலைமையில அவ வண்டி ஓட்ட வேணாம்."

ராய்ஸ் ஆர்லிஸின் பக்கம் திரும்பினான். சாலையோரத்தில் ஜன்னலை இறக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பானே, அந்தப் பார்வை. முதலில் ஒரு கண், பிறகு மற்றது. குழல்விளக்கின் வெளிச்சத்தில் அவள் இமைக்காமல் நின்று காட்டினாள். இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"அவளே ஓட்டுவா," என்றான். "நான் கூடப் போறேன்."

வாசலில் பனி மிதிபட்டுச் சேறாகியிருந்தது. ஆர்லிஸ் ஏறி என்ஜினைப் போட்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மூச்சு வாங்குவதற்காக மெர்ல் பின்னுக்குச் சாய்த்துவிட்டது அப்படியே கிடந்தது. ராய்ஸ் கதவைத் திறந்து அதைப் பார்த்தான். இருக்கையை நிமிர்த்தும் பக்கவாட்டு நெம்புகோலின்மேல் கையை வைத்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டு, நிமிர்த்தாமலே ஏறி அதில் சாய்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டினான்.