பதினோரு பக்கச் சீர்

“பதினோரு பக்கம்தானா?” என்ற மாப்பிள்ளையின் அப்பா, ஆய்வுக் கட்டுரையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். “எங்க பெரியவனுக்கு இருபத்திரண்டு பக்கம் வந்துச்சு. பொண்ணு வீட்டுல முகம் கோணாமக் குடுத்தாங்க.”

“படமெல்லாம் கலர்ல இருக்கு சம்பந்தி” என்று குழைந்தார் பெண்ணின் அப்பாவான வானியல் பேராசிரியர்.

மாப்பிள்ளை வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர். காரும் வீடும் ஏற்கெனவே இருந்தன. பதவி உயர்வுக்குக் கட்டுரைதான் இல்லை. அதையே சீராகக் கேட்டுவிட்டார்கள். முதல் பெயர் மாப்பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது பெயர் என்றால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்களாம்.

அதை எழுதியவள் சுவரோரம் நின்றிருந்தாள். பேராசிரியரின் ஆய்வு மாணவி. கைநாட்டுக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒரு நட்சத்திரத்தின் ஒளி அவ்வப்போது மங்குவதற்கு, குறுக்கே போகும் கிரகமே காரணம் என்று மூன்று வருடம் மல்லுக்கட்டி நிறுவியிருந்தாள். அந்தக் கட்டுரை போனால் டாக்டர் பட்டமும் போச்சு.

“நீயும் எனக்குப் பொண்ணு மாதிரிதாம்மா. விட்டுக்குடு” என்றார் பேராசிரியர் அவளிடம்.

“அப்ப என் கல்யாணத்துக்கு யாரு பேப்பரை சார் குடுப்பீங்க?”

பேராசிரியர் உண்மையாகவே யோசித்தார். “அடுத்த வருஷம் புதுசா ஒருத்தன் சேர்றான். இப்ப மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொல்லிக்குடு. நாலு பேர் கேட்டா சொல்லணும்ல?”

“நட்சத்திரம் மங்குது” என்றாள் அவள் வேண்டாவெறுப்பாக.

“மங்குனா மாத்திட வேண்டியதுதானே?” என்றார் மாப்பிள்ளை.

தட்டோடு நின்ற கல்யாணப் பெண் குறுக்கிட்டாள். “ஏன்க்கா, குறுக்க போறது கிரகம்னு எப்படித் தெரியும்? வெளிச்சம் கம்மியான இன்னொரு நட்சத்திரமா இருந்தா?”

மூன்று வருடத்தில் பேராசிரியர் ஒருநாளும் கேட்காத கேள்வி. மாணவி நிமிர்ந்து பார்த்தாள்.

“பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி போல. அப்ப இன்னொரு பேப்பர் சேத்துப் போடணும்” என்றார் சம்பந்தி.

“அடுத்தது எப்பம்மா முடியும்?” என்று பேராசிரியர் மாணவியைக் கேட்டார்.

அவள் சம்பந்தியின் கையிலிருந்து கட்டுரையை உருவிப் பையில் திணித்தாள். “இதையே குடுக்க முடியாது சார்.”

“நான் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்குப் பட்டம். ஞாபகம் இருக்கட்டும்.”

“போடாதீங்க. ஏன் போடலன்னு பல்கலைக்கழகத்துல கேப்பாங்க. சார் பொண்ணுக்குச் சீர் குடுக்க மாட்டேன்னேன், அதான்னு சொல்றேன்.”

அவள் தெருவில் இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம். கல்யாணப் பெண்.

“பதில் சொல்லாமப் போறீங்களேக்கா!”

“வா, நடந்துக்கிட்டே சொல்றேன். நல்ல கேள்விடி அது.”

கூடத்தில் சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

“பொண்ணு போனாப் போகட்டும். வேற பேப்பர் ஏதாவது இருக்கா?”