நானூற்று எண்பத்து நான்காவது உறை

இன்னும் இருபத்தாறரை மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை மாலை நாலரைக்குள் விவசாயி லோவல் ஸ்காரின் கையெழுத்து கவுண்டி என்ற எங்கள் மாவட்டத்தின் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் தீயணைப்பு வட்டாரம் புது வண்டி வாங்க, சொத்து வரியிலிருந்து அடைக்கும் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டிருந்தது. அதற்கு விதிகள் இரண்டு. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் ‘சரி’ சொல்ல வேண்டும். அது கிடைத்துவிட்டது. போன பொதுத் தேர்தலில் விழுந்த ஓட்டுகளில் நூற்றுக்கு நாற்பது அளவாவது இப்போதும் விழ வேண்டும். 484 தேவை. எண்ணியது 483.

ஸ்கார் தபாலில் அனுப்பிய உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. கையெழுத்துக் கோட்டின் மேல், பெயருக்குப் பதிலாக ‘வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். திருத்தப் படிவம் ஒன்றில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அதைப் பிரித்து எண்ணுவார்கள்.

“படிவத்தை நீட்டு, கையெழுத்த வாங்கு, வந்துடு,” என்றாள் பிரசாரக் குழுவின் ரொவீனா. “அவருக்குக் கணக்குப் பாடம் நடத்தாதே மாரிட்.”

ஆகஸ்டில் ஒரு களஞ்சியம் எரிந்தபோது பழைய வண்டியின் பம்பு நின்றுபோனது. தண்ணீர் வராத குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். படிவத்தை எடுத்துக்கொண்டேன்.

பண்ணையில் ஸ்கார் அறுவடை இயந்திரத்தின் அடியிலிருந்து எழுந்து வந்தார்.

“என்னம்மா, வேண்டாம்னு உறை மேலயே எழுதினேனே. கண்ணு தெரியலையா அவங்களுக்கு?”

“அங்க பேர எழுதணும். இல்லைன்னா உள்ள இருக்கறதப் பிரிக்கவே மாட்டாங்க.”

“நாப்பது வருஷமா எல்லா வரிக்கும் வேண்டாம்னுதான் போடறேன். இதுக்குள்ள அதையே என் பேருன்னு பதிஞ்சிருக்க வேண்டாமா?”

சிரித்துவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

“இதுல போட்டா என் ‘வேண்டாம்’ கணக்குல சேருமா?”

“சேரும்.”

அதில் பொய் இல்லை. அவர் எழுத ஆரம்பித்தார். முதல் பெயரோடு பேனா நின்றது.

“இரு. நீ வண்டி வேணுங்கற கட்சி. என் ஓட்டக் காப்பாத்த ஞாயித்துக்கிழமை பதினாறு மைல் எதுக்கு வந்தே?”

சும்மா வந்தேன் என்றிருந்தால் மீதிப் பெயரையும் எழுதியிருப்பார்.

“ஒரே ஒரு ஓட்டு குறையுது,” என்றேன். “சரியோ வேண்டாமோ, எதுவா இருந்தாலும் போதும். நீங்க கையெழுத்துப் போட்டா வண்டி வந்துரும். போடலைன்னா வராது.”